சாய்வு வெளியே, சுமை நேரே: மூன்றடுக்குத் திருமணக் கேக் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருமண வரவேற்பு ஒன்றுக்காக, ஒவ்வொரு அடுக்கும் ஒரு பக்கம் சரிந்து, விழப்போவதைப் போலத் தோன்றும் மூன்றடுக்குக் கேக் ஒன்றை மணமக்கள் கேட்டிருந்தனர். அடுக்குகள் அடியில் குறுகி மேலே விரிய வேண்டும். மேற்பரப்புகள் சரிவாக இருக்க வேண்டும். கீழ் அடுக்கு இடப்பக்கம் சரிந்தால் நடு அடுக்கு வலப்பக்கமும், உச்சி அடுக்கு மறுபடியும் இடப்பக்கமும் சரிய வேண்டும் என்று வரைபடத்தோடு வந்திருந்தார்கள். கேக்கைச் செய்ய ஒப்புக்கொண்ட தயாரிப்பாளர் நேராக நிற்கும் அடுக்குக் கேக்குகளில் நீண்ட பழக்கம் உள்ளவர். இந்த வகையை அதுவரை செய்ததில்லை. உள்கட்டமைப்பை வரைந்து சரிபார்க்கும் வேலை என்னுடையது. சுடுதல், செதுக்குதல், பூச்சு ஆகியவற்றைத் தயாரிப்பாளரும் அவருடைய உதவியாளரும் பார்த்துக்கொண்டனர். சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதலோடும், அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கியும் இந்தப் பதிவு எழுதப்படுகிறது.

மணமக்களின் விருப்பங்களில் இரண்டு கட்டமைப்போடு நேரடியாக மோதின. மென்மையான வனிலா ஸ்பாஞ்சும் கிரீம் நிரப்பலும் வேண்டும் என்பது ஒன்று. மாலை தொடங்கியதிலிருந்து வெட்டும் நேரம் வரை, அதாவது பல மணி நேரம், கேக் மண்டபத்தில் பார்வைக்கு நிற்க வேண்டும் என்பது மற்றொன்று.

முதல் மாதிரியில் கண்டவை

தயாரிப்பாளரின் முதல் திட்டம் எளிமையானது. வழக்கமான வட்ட அடுக்குகளுக்கு நடுவே தெர்மாகோல் ஆப்புகளை வைத்து, மேல் அடுக்கை ஏறக்குறைய 10 டிகிரி சாய்த்து நிறுத்துவது என்று அவர் எண்ணினார். இந்த முறையிலும் சாய்ந்த கேக்குகள் செய்யப்படுகின்றன என்பதால் அதைச் சோதிக்காமல் தள்ளிவிடுவது சரியாகப் படவில்லை. நடு அடுக்கை மட்டும் கீழ் அடுக்கின் மீது ஆப்போடு வைத்து, உச்சி அடுக்குக்குப் பதிலாக அதே எடையுள்ள அரிசிப் பை ஒன்றை ஏற்றி, இரவு முழுவதும் விட்டு வைத்தோம்.

எல்லோருடைய அச்சமும் அது கவிழ்ந்துவிடும் என்பதுதான். காலையில் அது கவிழ்ந்திருக்கவில்லை, சறுக்கியிருந்தது. கணக்கைப் பார்த்தால் இதில் வியப்பில்லை. 10 செ.மீ. உயரமுள்ள அடுக்கு ஒன்றின் எடைமையம் அடியிலிருந்து சுமார் 5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, 10 டிகிரி சாய்த்தால் அது பக்கவாட்டில் 1 செ.மீ. கூட நகர்வதில்லை. ஆகவே அடித்தட்டின் ஓரத்தைத் தாண்டி எடை விழ வாய்ப்பே கிடையாது. ஆனால் அதே 10 டிகிரியில், மேலே இருக்கும் எடையில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான விசை சரிவின் வழியே கீழ்நோக்கித் தள்ளுகிறது. நடு அடுக்கும் உச்சி அடுக்கும் சேர்ந்து 5 கிலோ என்றால், ஏறத்தாழ 870 கிராம் எடைக்குச் சமமான தள்ளுதல் இடைவிடாமல் இருந்துகொண்டே இருக்கும். மரப்பலகையின் மேல் மரப்பலகை என்றால் உராய்வு அதைப் பிடித்துவிடும். இடையில் இருப்பதோ பட்டர்கிரீம். அறை வெப்பத்தில் அது பிடிப்பதைவிட வழுக்குவதே அதிகம்.

மாதிரியைப் பிரித்தபோது நடு அடுக்கின் அடித்தட்டு தாழ்ந்த பக்கமாகச் சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அந்த ஓரத்தில் கிரீம் பிதுங்கி வெளியே வந்திருந்தது. இதைவிட முக்கியமான சான்று கீழ் அடுக்கின் உள்ளே கிடைத்தது. தாங்குவதற்காகச் செருகியிருந்த பிளாஸ்டிக் குழாய்களை உருவியபோது, அவை நின்ற துளைகள் வட்டமாக இல்லை. மேல்பகுதியில் ஒரே திசையில் நீண்டு, பொத்தான் துளையின் வடிவத்துக்கு வந்திருந்தன. குழாய்கள் எடையைத் தாங்கிக்கொண்டே மெல்லச் சாய்ந்திருக்கின்றன என்பதும், மென்மையான ஸ்பாஞ்சு அவற்றைப் பக்கவாட்டில் பிடிக்கவில்லை என்பதும் அதிலிருந்து தெரிந்தன. இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் குழாயின் தலை தட்டிலிருந்து நழுவியிருக்கலாம்.

எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு ஆப்பைக் கைவிடுவது. கண்ணுக்குத் தெரியும் சாய்வு அனைத்தையும் கேக்கின் வெளிவடிவத்திலேயே வைத்துவிட்டு, ஒரு அடுக்கு மற்றொன்றின் மேல் உட்காரும் இடங்களை முற்றிலும் மட்டமாக வைப்பது என்று தீர்மானித்தோம். சரிவான மேற்பரப்பில் மேல் அடுக்கின் அடி அளவுக்கு ஒரு வட்டக் குழி வெட்டி, அந்தக் குழியின் தளத்தை மட்டமாக்கி, அதற்குள் மேல் அடுக்கை இறக்குவதே வழி. பார்ப்பவருக்கு மேல் அடுக்கு சரிவின் மேல் நிற்பதாகத் தோன்றும். உண்மையில் அது சமதளத்தில் நிற்கும். சறுக்கும் விசை அப்போது குறைவதில்லை, இல்லாமலே போகிறது. இந்த முடிவு மற்ற எல்லாவற்றையும் எளிதாக்கியது என்பதே என் கருத்து. ஆப்பை வைத்துக்கொண்டு பசையையும் கம்பிகளையும் கூட்டிக்கொண்டே போவது, தேவையில்லாமல் உண்டாக்கிய ஒரு விசையோடு போராடுவதாகும்.

அளவுகள் இவ்வாறு அமைந்தன. கீழ் அடுக்கு அடியில் 25 செ.மீ., மேலே 30 செ.மீ. விட்டம், உயரம் தாழ்ந்த பக்கத்தில் 12, உயர்ந்த பக்கத்தில் 17 செ.மீ. நடு அடுக்கு அடியில் 18, மேலே 22. உயரம் 10 முதல் 14 வரை. உச்சி அடுக்கின் அடி 12 செ.மீ., மேல் 15 செ.மீ. கீழ் அடுக்கின் சரிவு 30 செ.மீ. தூரத்துக்கு 5 செ.மீ. என்பதால், 18 செ.மீ. அகலமுள்ள குழியின் ஆழம் தாழ்ந்த பக்கத்தில் ஏதுமில்லாமல் தொடங்கி உயர்ந்த பக்கத்தில் 3 செ.மீ. ஆகிறது. குழியின் தளம் அடித்தட்டிலிருந்து 13 செ.மீ. உயரத்தில் வருகிறது. இந்த 13 என்ற எண்ணைப் பின்னால் மறுபடியும் சந்திக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது முடிவு கேக்கின் வகை பற்றியது. கீழ் இரண்டு அடுக்குகளுக்கும் அடர்த்தியான சாக்லேட் மட் கேக்கும், இரண்டு பங்கு கருப்புச் சாக்லேட்டுக்கு ஒரு பங்கு கிரீம் என்ற விகிதத்தில் செய்த கனாஷும் பயன்படுத்துவது என்றும், மணமக்கள் கேட்ட வனிலா ஸ்பாஞ்சை எதையும் சுமக்காத உச்சி அடுக்கில் மட்டும் வைப்பது என்றும் அவர்களிடம் தெரிவிக்கப்பட்டது. வெளிப்புறம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதால் வெள்ளைச் சாக்லேட் கனாஷைப் பூசலாம் என்ற யோசனையும் எழுந்தது. வெள்ளைச் சாக்லேட்டில் மூன்றுக்கு ஒன்று என்று விகிதத்தை உயர்த்தினாலும் வெப்பத்தில் அது முன்னதாகவே இளகும் என்பதால், கருப்பு கனாஷின் மேல் வெள்ளை ஃபாண்டன்ட் (விரிப்பாகத் தேய்த்து மூடும் சர்க்கரை மாவு) என்பதே முடிவானது. விருந்தினர்களுக்கென்று தனியாக வனிலாத் தட்டுக் கேக் ஒன்றைச் சமையலறையில் வைத்துக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளர் சொன்ன பிறகே மணமக்கள் முழு மனதோடு ஒத்துக்கொண்டனர்.

மூன்றாவது, நடுத்தண்டு. 18 மி.மீ. ப்ளைவுட் அடிப்பலகையின் நடுவில் துளையிட்டு, மரையுள்ள 10 மி.மீ. எஃகுத் தண்டை நிறுத்தி, பலகையின் மேலும் கீழும் வாஷரும் நட்டும் போட்டு இறுக்கினோம். அடியில் உள்ள நட்டு மேசையில் இடிக்காதிருக்கப் பலகைக்குக் குட்டைக் கால்கள் பொருத்தப்பட்டன. உணவில் உலோகம் படாதபடி தண்டின் மேல் உணவுத் தரமுள்ள பிளாஸ்டிக் உறை போடப்பட்டது. அது பலகையிலிருந்து 29 செ.மீ. எழும்பி, நடு அடுக்கின் வழியாக உச்சி அடுக்கின் வயிற்றுக்குள் 5 செ.மீ. போய் நின்றது. இந்தத் தண்டு எடையைத் தாங்குவதற்காக அல்ல. எடை முழுவதும் குழாய்களின் வழியே இறங்குகிறது. வண்டி திடீரென்று நிற்கும்போது அடுக்குகள் பக்கவாட்டில் ஓடாமல் தடுப்பதே அதன் வேலை. உச்சி அடுக்கு மட்டும் சற்று ஒதுங்கி இருந்தால் இன்னும் குறும்பாக இருக்குமே என்று மணமகள் கேட்டார். மூன்று அடுக்குகளின் மையமும் ஒரே தண்டில் கோக்கப்படுவதால் அதற்கு இடமில்லை. பக்கங்கள் வெளிப்புறமாக விரிவதும் சரிவுகள் மாறி மாறி வருவதும் சேர்ந்து அந்தத் தோற்றத்தைத் தந்துவிடும் என்று காகிதத்தில் அதே அளவில் வெட்டி ஒட்டிக் காட்டியதும் அவர் அதை விட்டுவிட்டார்.

செதுக்கியதும் மூடியதும்

கேக்குகள் உறைய வைக்கப்படவில்லை. ரம்பப்பல் கத்தி உதிரல் இல்லாமல் இறங்கும் அளவுக்குக் குளிர வைக்கப்பட்டன. ஒவ்வொரு அடுக்கையும் தலைகீழாக வைத்து, அடியாக வரவேண்டிய சிறிய தட்டை மேலே வைத்து, அதன் விளிம்பை வழிகாட்டியாகக் கொண்டு கீழ்நோக்கி விரியும்படி செதுக்கினர். பிறகு திருப்பி நிறுத்தி, உயர்ந்த பக்கத்திலும் தாழ்ந்த பக்கத்திலும் குச்சிகளால் உயரத்தைக் குறித்து, சரிவை ஒரே இழுப்பில் வெட்டினர்.

குழிக்குத்தான் அதிக நேரம் செலவானது. மேல் அடுக்கின் அடித்தட்டு அளவோடு ஃபாண்டன்டின் கனத்தையும் சேர்த்து, சுற்றிலும் சுமார் 5 மி.மீ. கூடுதலாகக் குறித்து வெட்டப்பட்டது. எஞ்சும் இடைவெளியைச் சர்க்கரை முத்துகள் மறைத்துவிடும். தளத்தை மட்டமாக்கிய பின் முதல் குழாயை அடித்தட்டு வரை செருகி, குழியின் தளத்தோடு பென்சிலால் கோடிட்டு, உருவி வெட்டினர். மற்ற நான்கும் அதே நீளத்துக்கு வெட்டப்பட்டு, ஐந்தும் 18 செ.மீ. வட்டத்துக்குள் செருகப்பட்டன. அதன் பிறகு தயாரிப்பாளர் ரசமட்டத்தைக் கேக்கின் மேல் வைக்காமல், குழாய்களின் தலைகள் மீதே இரண்டிரண்டாக வைத்துப் பார்த்தார். ஒரு ஜோடியில் மட்டும் குமிழி கோட்டைத் தொட்டு நின்றது. அந்த ஜோடியில் உயர்ந்திருந்த குழாயை உருவி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்த்துச் செருகியதும் குமிழி நடுவுக்கு வந்தது. எல்லாம் ஒரே நீளம்தானே என்று இந்தச் சோதனையை விட்டிருந்தால், சுமை மூன்று குழாய்களிலேயே நின்றிருக்கும்.

மேலே விரியும் அடுக்கை ஒரே விரிப்பாக ஃபாண்டன்டால் மூடுவது கடினம். நேரான கேக்கில் தன் எடையாலேயே பக்கத்தோடு ஒட்டும் விரிப்பு, இங்கே பக்கத்தை விட்டு விலகிப் பாவாடை போல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். எனவே மேற்பரப்புக்குத் தனி வட்டமும், பக்கத்துக்கு வில் வடிவப் பட்டையும் வெட்டப்பட்டன. கூம்பை விரித்தால் கிடைக்கும் வடிவம் நேர்ப்பட்டை அல்ல, வில் என்பதால், முதலில் காகிதத்தைக் கேக்கைச் சுற்றி ஒட்டி அச்சு எடுத்தனர். விறைப்புக்காக ஃபாண்டன்டில் சிறிது டைலோஸ் பொடி பிசையப்பட்டது. இணைப்பு பின்பக்கம் வரும்படி வைக்கப்பட்டது.

கொண்டுசென்றதும் மண்டபத்தில் நடந்ததும்

கீழ் அடுக்கையும் நடு அடுக்கையும் தண்டில் கோத்து ஒன்றாகவும், உச்சி அடுக்கைத் தனிப்பெட்டியிலும் கொண்டுசெல்வது என்று முடிவானது. மூன்றையும் தனித்தனியாக எடுத்துப்போய் அங்கே கோக்கலாம் என்பது உதவியாளரின் கருத்து. அதிலும் நியாயம் உண்டு. ஆனால் குழிக்குள் ஓர் அடுக்கை இறக்குவது நேர்க்கேக்கில் இறக்குவது போன்றதல்ல. சுற்றிலும் சுவர் இருப்பதால் விரல்களை எடுக்க இடம் கிடையாது. தாழ்ந்த பக்கத்தில் குழியின் ஆழம் பூஜ்ஜியம் என்பதால், அந்த ஒரு பக்கத்திலிருந்து இரண்டு அகலமான பலெட் கத்திகளை அடியில் கொடுத்து இறக்கி, பிறகு கத்திகளைக் கிடையாக உருவ வேண்டும். இதை நல்ல வெளிச்சமுள்ள வேலைமேசையில் செய்வதே மேல் என்பதால், கனமான நடு அடுக்கு வீட்டுச் சமையலறையிலேயே ஏற்றப்பட்டது. வண்டியில் இருக்கையைத் தவிர்த்து, தட்டையான பின்தளத்தில் வழுக்காத விரிப்பின் மேல் அது வைக்கப்பட்டது. பயணத்தில் எதுவும் அசையவில்லை.

மண்டபத்தில் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. மேசையில் கேக்கை வைத்ததும் எல்லோருக்கும் அது சரியாகவே தோன்றியது. உச்சி அடுக்குக்கான குழியில் ரசமட்டத்தை வைத்தபோதுதான் மேசையே ஒரு பக்கம் தாழ்ந்திருப்பது தெரிந்தது. நேரான கேக்காக இருந்தால் வாசலில் நிற்பவர்கூட அதைக் கண்டுபிடித்திருப்பார். எல்லாமே சாய்ந்திருக்கும் கேக்கில் கண்ணுக்கு ஒப்பிட்டுப் பார்க்க எந்தக் கோடும் இல்லை. கூடுதல் சாய்வும் வடிவமைப்பின் ஒரு பகுதியாகவே தெரிகிறது. அடிப்பலகையின் கால்களுக்குக் கீழே அட்டைத் துண்டுகளை வைத்து மட்டப்படுத்திய பிறகே உச்சி அடுக்கு ஏற்றப்பட்டது. குளிரிலிருந்து வந்ததால் ஃபாண்டன்டின் மேல் நீர்த்துளிகள் பூத்திருந்தன. துடைத்தால் தடம் விழும் என்பதால் அவை தாமாக உலரும் வரை பூக்கள் வைக்கப்படவில்லை.

வரவேற்பு பாதி நடந்திருந்தபோது, கீழ் அடுக்கின் உயர்ந்த பக்கத்தில் முத்து வரிசைக்கும் குழியின் சுவருக்கும் நடுவே மெல்லிய இடைவெளி ஒன்று தெரிந்தது. சற்று நேரத்தில் அது 3 மி.மீ. அளவுக்கு விரிந்தது, அந்தப் பிறை வடிவ விளிம்பின் இரு முனைகளிலும் ஃபாண்டன்டில் முடிக்கோடு போல் விரிசல் ஓடியது. கதவுகள் திறந்தே இருந்ததால் மண்டபம் நினைத்ததைவிட வெதுவெதுப்பாக இருந்தது. தயாரிப்பாளர் முதலில் ரசமட்டத்தை அடிப்பலகையின் மேல் வைத்து, பிறகு நடு அடுக்கின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்து, சுமை நகரவில்லை என்று உறுதிசெய்துகொண்டார். விளிம்பு மட்டுமே வெளியே சாய்ந்திருக்கிறது, தாங்குகிற பகுதியில் மாற்றம் இல்லை என்று தெரிந்ததால், கேக்கைப் பிரிக்காமல் கூடுதல் சர்க்கரைப் பூக்களால் அந்த இடத்தை மறைத்து, அந்தப் பக்கத்துக் கதவை மூடச் சொன்னார். வெட்டும் நேரம் வரை இடைவெளி மேலும் பெரிதாகவில்லை. அந்தச் சூழலில் அதுவே சரியான முடிவு என்று நினைக்கிறேன். விருந்தினர் முன்னிலையில் 5 கிலோவைத் தூக்கிச் சரிசெய்ய முயன்றிருந்தால் இழப்பு பெரிதாகியிருக்கும்.

விரிசலின் காரணம்

வெட்டும்போது குறுக்குமுகத்தில் காரணம் தெளிவாகத் தெரிந்தது. கீழ் அடுக்கு 4 செ.மீ. கனமுள்ள கேக் தளங்களாலும் நடுவே அரை செ.மீ. கனாஷாலும் ஆனது. அந்தக் கணக்கில் மூன்றாவது கனாஷ் படலம் 13 செ.மீ. உயரத்தில் தொடங்குகிறது. குழியின் தளமும் அதே 13 செ.மீ. ஆகவே உயர்ந்த பக்கத்து விளிம்பு, கீழே உள்ள கேக்கோடு பிணைந்த ஒரே துண்டாக இல்லாமல், இளகக்கூடிய படலத்தின் மேல் உட்கார்ந்த தனித்துண்டாக இருந்திருக்கிறது. பக்கம் வெளிநோக்கி விரிவதாலும், விளிம்பு வெளிப்புறத்தில்தான் அதிக உயரம் என்பதாலும், படலம் இளகியதும் துண்டு வெளியே சாய்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, குழாய், தண்டு, தட்டு என்று எல்லாச் சோதனைகளும் நடு அடுக்கின் சுமை எங்கே போகிறது என்பதையே பார்த்தன என்பதாகும். எதையும் சுமக்காத விளிம்பு தன்னைத்தானே தாங்குமா என்ற கேள்வி திட்டத்தில் இடம்பெறவில்லை.

பிரித்துப் பரிமாறியபோது

உச்சி அடுக்கிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொன்றாகத் தண்டிலிருந்து எடுத்துத் தனியாக வெட்டப்பட்டன. சரிவான அடுக்கில் ஒரே அகலத்தில் வெட்டினால் ஒரு பக்கத்துத் துண்டு 12 செ.மீ. உயரமாகவும் மறுபக்கத்துத் துண்டு 17 செ.மீ. உயரமாகவும் வரும். பரிமாறியவர் உயர்ந்த பக்கத்தை மெல்லியதாக வெட்டிச் சமப்படுத்தினார். கீழ் அடுக்கில் ஐந்தும் நடு அடுக்கில் நான்குமாக ஒன்பது குழாய்கள் இருந்தன. கழுவும் தொட்டியில் எட்டுதான் சேர்ந்தன. பரிமாறுதலை நிறுத்திவிட்டுத் தேடியதில், பெட்டியில் எடுத்துவைத்திருந்த பெரிய துண்டு ஒன்றுக்குள் ஒன்பதாவது கிடைத்தது. வெள்ளைக் குழாய் என்பதால் வெள்ளை ஃபாண்டன்டோடு கலந்து கண்ணுக்குப் படவில்லை.

அடுத்த முறை மாறவிருப்பவை

கேக் தளங்களின் கனம் இனிமேல் குழியின் உயரத்தைக் கணக்கிட்ட பிறகே தீர்மானிக்கப்படும். இதே அளவில், அடியில் 2 செ.மீ. மெல்லிய தளம் ஒன்றை வைத்துவிட்டு அதன் மேல் 4 செ.மீ. தளங்களை அடுக்கினால், குழியின் தளம் 11.5 முதல் 15.5 செ.மீ. வரை உள்ள ஒரே கேக் தளத்தின் நடுவில் விழும்; விளிம்பின் வேர் கேக்கிலேயே இருக்கும். அதற்கு மேல் 15.5 செ.மீ. உயரத்தில் வரும் படலத்தில் நிரப்பலைக் குறைத்துக்கொள்ளலாம், அல்லது அந்தக் கடைசித் துண்டை கனாஷ் இல்லாமல் ஒரே கேக்காகச் சுட்டு வைக்கலாம். கீழ் அடுக்கின் சரிவை 5 செ.மீ.யிலிருந்து 4 ஆகக் குறைப்பதும் பேசப்பட்டது. தயாரிப்பாளருக்கு அதில் உடன்பாடில்லை. தோற்றத்தின் பாதி அந்த ஒரு சென்டிமீட்டரில் இருக்கிறது என்பது அவர் வாதம். தளங்களை மாற்றிய மாதிரி ஒன்றை வெதுவெதுப்பான அறையில் நிறுத்திப் பார்க்கும் வரை நானும் அதை வற்புறுத்தவில்லை.

மாதிரியைச் சோதிக்கும்போது, மண்டபத்தின் வெப்பத்தை ஒத்த அறையில், ஃபாண்டன்ட் உறையோடு, திட்டமிட்ட காட்சி நேரத்துக்கும் கூடுதலாக நிறுத்திப் பார்க்கப்படும். குழாய்கள் வெள்ளைக்குப் பதிலாக அடர்நீலத்தில் வாங்கப்படும். மண்டபத்துப் பணியாளர்களிடம் கொடுக்கும் தாளில், எந்த அடுக்கை முதலில் எடுப்பது, எங்கே கத்தி தண்டில் படும், உண்ணக்கூடாத பொருள்கள் ஒவ்வொன்றிலும் எத்தனை என்பவை எழுதப்பட்டு, அவை எண்ணிச் சேர்த்த பிறகே துண்டுகள் வெளியே போக வேண்டும் என்று குறிப்பிடப்படும். ரசமட்டமும் அட்டைத் துண்டுகளும் கேக்கோடு ஒரே பெட்டியில் போகும்.